அடர்ந்த தாடி கைகூடுமா?

கார்த்திகை முதல் தேதியன்று மாலையணிந்து, மண்டலம் முடியும்வரை முகக்ஷவரம் செய்துகொள்ளாமல் விரதமிருக்கும் இளைஞர் கூட்டத்தைக் கோயில் வாசலில் சற்று நின்று கவனிப்பவர்கள், ஒரே தெருவில் பிறந்து ஒரே கல்லூரியில் படிக்கிற இருவரில் ஒருவனுக்குப் பத்து நாட்களுக்குள் காது முதல் மோவாய் வரை கருகருவென்று தாடி நிறைந்துவிடுவதையும், மற்றவனுக்கு 41-ஆம் நாளிலும் மோவாயில் ஒரு கொத்தும் மேலுதட்டின் இரு ஓரங்களில் மெல்லிய அரும்பும் தவிரக் கன்னமெல்லாம் வெறுமையாகவே இருப்பதையும் காணலாம். உண்ட சோறு ஒன்று, குடித்த நீர் ஒன்று, வயதும் ஒன்று. அப்படியிருக்க இந்த பேதம் எங்கிருந்து வந்தது, இதை மாற்ற உபாயம் ஏதேனும் உண்டா என்று அந்த இரண்டாமவன் சலூன்காரரைக் கேட்கிறான், மருந்துக்கடைக்காரரைக் கேட்கிறான், கேட்கக் கூச்சப்பட்டுத் தனக்குள்ளேயே புழுங்கவும் செய்கிறான்.

அவனுடைய மனக்கிலேசத்தை நான் அற்பமாக எண்ணுகிறவனல்லேன். மீசையும் தாடியும் நம் தேசத்தில் வெறும் ரோமமாக ஒருநாளும் கருதப்பட்டதில்லை. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா ஜில்லாவில் 2004-ஆம் ஆண்டு, மீசை வைத்த போலீஸ்காரரிடம் ஜனங்களுக்கு மதிப்புக் கூடும் என்ற நம்பிக்கையின் பேரில், மீசை வளர்ப்பவர்களுக்கு மாதம் 30 ரூபாய் தனிப்படியாகவே கொடுத்தார்கள். 2017-இல் குஜராத்தின் காந்திநகருக்கு அருகே லிம்போதரா என்னும் கிராமத்தில் தலித் இளைஞர்கள் மீசை வைத்துக்கொண்டார்கள் என்பதற்காகத் தாக்கப்பட்டபோது, அந்த மாநிலமெங்கும் இருந்த தலித் இளைஞர்கள் தங்கள் மீசையைப் படமெடுத்து உலகறிய வெளியிட்டுத் தங்கள் கண்டனத்தைத் தெரிவித்தார்கள். 2019-இல் பாகிஸ்தானின் பிடியிலிருந்து மீண்டுவந்த விமானப்படை வீரர் அபிநந்தனுடைய மீசையை அப்படியே தங்களுக்கும் வைத்துவிடும்படி வாலிபர்கள் சலூன்களில் போய் உட்கார்ந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். ஒரு பொருளின்மீது சமூகம் இத்தனை கௌரவத்தை ஏற்றிவைத்திருக்கும்போது, அது தனக்கு வாய்க்காத 19 வயதுப் பிள்ளை கண்ணாடியின்முன் நின்று வருந்துவதைப் பரிகசிப்பது நியாயமாகாது. அவனுக்குச் செய்யத்தக்க உபகாரம் உண்மையை உள்ளபடி சொல்லுவதேயாகும்; ஏனெனில் அவனது வருத்தத்தையே மூலதனமாக வைத்து நடைபெறும் வியாபாரம் இன்று மிகப் பெரிது.

முதலில் சரீரத்தின் ஏற்பாட்டை அறிந்துகொள்ள வேண்டும். மனித உடலிலுள்ள மயிர்க்கால்கள் அனைத்தும் தாயின் கருவிலேயே அமைந்துவிடுகின்றன; பிறந்தபின் புதிதாக ஒரு மயிர்க்கால்கூட உண்டாவதில்லை. ஆகவே கன்னத்தில் தாடி இல்லாதவனுக்கு அங்கே மயிர்க்காலே இல்லை என்று நினைப்பது தவறு. இருக்கின்றன, ஆனால் அவை நிறமற்ற, மெல்லிய, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாலன்றிக் கண்ணுக்குப் புலப்படாத பூனைமுடியை மட்டும் ஈன்றுகொண்டிருக்கின்றன. பருவமெய்தும் காலத்தில் ஆண்மைச் சுரப்புகள் இரத்தத்தில் கலந்து இந்த மயிர்க்கால்களை வந்தடையும்போது, அவை ஒவ்வொன்றாகப் பருத்துத் தோலின் ஆழத்தில் இறங்கிக் கறுத்த, தடித்த ரோமத்தை வெளியிடத் தொடங்குகின்றன. இந்த மாற்றம் ஒரே நாளில் முகமெங்கும் நிகழ்வதன்று. மேலுதட்டின் இரு ஓரங்களில் தொடங்கி, நடுவில் வந்து கூடி, பிறகு கன்னத்தின் மேற்பகுதியிலும் கீழுதட்டின் அடியிலும் பரவி, கடைசியாகவே மோவாயையும் தாடையின் பக்கங்களையும் நிரப்புகிறது. இந்தக் கிரமம் பூர்த்தியாவதற்குச் சிலருக்கு 18 வயது போதும். பலருக்கு 25 ஆகிறது. முப்பதைக் கடந்தும் அடர்த்தி கூடிக்கொண்டே போகிறவர்கள் ஏராளம். வைத்தியர்களின் மேற்பார்வையில் ஆண்மைச் சுரப்பை ஊசியாகப் பெற்றுவரும் திருநம்பிகளுக்குங்கூட, சில மாதங்களில் முகத்தில் ரோமம் அரும்பினாலும், அது முழு வளர்ச்சியை எய்த நான்கைந்து வருஷங்கள் ஆகின்றன என்பதைக் கவனித்தால், இந்த வேலை எத்தனை நிதானமானது என்பது விளங்கும்.

அப்படியானால் தாடி குறைந்தவனுக்கு ஆண்மைச் சுரப்புக் குறைவு என்றுதானே அர்த்தம் என்று கேட்கலாம். இந்த ஒரு தப்பபிப்பிராயம்தான் எத்தனையோ வாலிபர்களை உள்ளூரச் சிறுமைப்படச் செய்திருக்கிறது. ஆதலால் இதைச் சற்று விரிவாகவே ஆராய்வது தகும்.

கரிபியக் கடலிலுள்ள டொமினிக்கன் குடியரசில் சாலினாஸ் என்றொரு கிராமம். அங்கே பிறக்கும்போது பெண்போலத் தோற்றமளித்து, பெண்ணாகவே வளர்க்கப்பட்டு, பன்னிரண்டு வயதையொட்டிக் குரல் தடித்து, தோள் அகன்று, ஆண்மகனாக மாறிவிடுகிற சில பிள்ளைகள் இருந்தார்கள். அமெரிக்க வைத்திய ஆராய்ச்சியாளரான ஜூலியான் இம்பெராட்டோ-மக்கின்லியும் அவருடைய சகாக்களும் அந்தக் குடும்பங்களை நேரில் ஆராய்ந்து 1974-இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். அந்த இளைஞர்களின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்மைச் சுரப்பு யாதொரு குறைவுமின்றி இருந்தது. ஆனால் அதை டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்ற அதிக வீரியமுள்ள மற்றொரு பொருளாக மாற்றிக்கொடுக்கும் நொதி மட்டும் பிறவியிலேயே பழுதுபட்டிருந்தது. அதன் பயனாக, தசைகள் திரண்ட கட்டுமஸ்தான தேகமிருந்தும் அவர்களுக்குத் தாடி அற்பமாகவே முளைத்தது. அதே சமயத்தில் அவர்கள் தலையில் வழுக்கையும் விழவில்லை. இந்தக் கண்டுபிடிப்பைத் தொடர்ந்து அந்த நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டிரைடு என்ற மருந்து உண்டாகி, 1992-இல் புராஸ்டேட் வீக்கத்துக்கும் 1997-இல் வழுக்கைக்கும் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. தாடியை வளர்க்கிற அதே பொருள்தான் தலைமுடியை உதிர்க்கவும் செய்கிறது என்பது இயற்கையின் விசித்திரங்களுள் ஒன்று. பருவமெய்துமுன் விதையகற்றப்பட்ட ஆடவர்க்கு வழுக்கை விழுவதில்லை என்றும், அவர்களுக்கு அந்தச் சுரப்பைக் கொடுத்தால் பரம்பரையில் வழுக்கையுள்ளவர்களுக்கு மட்டும் தலைமுடி உதிர்கிறதென்றும் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூற்று அறிஞர் 1942-லேயே நிரூபித்திருந்தார்.

இவற்றிலிருந்து பெறப்படுவது யாதெனில், இரத்தத்தில் ஓடும் சுரப்பின் அளவைவிட, அதைப் பெற்றுக்கொள்ளும் மயிர்க்காலின் சுபாவமே பிரதானம் என்பதாகும். தாடி சொற்பமான மிகப் பெரும்பாலோரின் இரத்தத்தைப் பரிசோதித்தால் சுரப்புச் சரியாகவே இருக்கிறது. சீனரும் ஜப்பானியரும் சுரப்பில் ஐரோப்பியர்க்குச் சளைத்தவரல்லர். ஆயினும் அவர்கள் முகத்தில் ரோமம் குறைவு. 2016-இல் பிரேசில், கொலம்பியா, சிலி, மெக்ஸிகோ, பெரு ஆகிய தேசங்களைச் சேர்ந்த 6,000-க்கும் மேற்பட்டவர்களின் மரபணுக்களை ஆராய்ந்து வெளியான ஆய்வு, தாடியின் அடர்த்தியோடு சம்பந்தப்பட்ட சில மரபணுக்களைப் பெயர் சொல்லியே சுட்டிக்காட்டியது. எனவே தன் தாடி எவ்வாறு அமையும் என்றறிய விரும்புகிறவன் தகப்பனாரையும் தாய்மாமன்மாரையும் அவர்களுடைய முப்பதாவது வயதுப் படங்களில் பார்த்துக்கொள்வது, பல விளம்பரங்களைப் படிப்பதைவிட நம்பகமான வழியாகும்.

இனி உபாயங்களுக்கு வருவோம். நம் ஊர்களில் முதன்முதலாகக் கிடைக்கும் ஆலோசனை, "அடிக்கடி மழி, தானாகக் கெட்டியாகும்" என்பதுதான். தாத்தாக்கள் சொல்லியிருக்கிறார்கள், நாவிதர்கள் சொல்லியிருக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் தகப்பனாரின் ரேஸரைத் திருட்டுத்தனமாக எடுத்துப் பூனைமுடியை மழித்துக்கொள்வதும் இதை நம்பித்தான். இது உண்மையன்று. செயின்ட் லூயிஸ் நகரத்து உடற்கூற்று அறிஞர் மில்ட்ரெட் டிராட்டர் 1928-லேயே இதைச் சோதித்து, மழிப்பதால் ரோமத்தின் கனத்திலோ வேகத்திலோ மாறுதல் இல்லை என்று கண்டார். 1970-இல் நடந்த மற்றொரு சோதனையில் ஐந்து வாலிபர்கள் பல மாதங்கள் வாராவாரம் ஒரு காலை மட்டும் மழித்துக்கொண்டு மறுகாலை அப்படியே விட்டுவைத்தார்கள். முடிவில் இரு கால்களின் ரோமத்தையும் எடைபோட்டும் பருமனை அளந்தும் பார்த்ததில் பேதம் ஒன்றும் காணப்படவில்லை. ரோமம் வளரும் இடம் தோலுக்கு அடியில் இருக்கிறது; வெளியே நீட்டிக்கொண்டிருப்பது உயிரற்ற பொருள்; அதைக் கத்தி அறுத்த செய்தி அடியிலுள்ள மயிர்க்காலுக்கு எட்டுவதே கிடையாது.

ஆயினும் இத்தனை தலைமுறையாக இத்தனை பேர் கண்ணால் கண்டதாகச் சொல்லுவது எப்படிப் பொய்யாகும் என்று வினவுவோர்க்கு ஒரு பூதக்கண்ணாடியே விடையளித்துவிடும். இதுவரை கத்தி படாத ரோமத்தின் நுனியைக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், அது படிப்படியாக மெலிந்து கூர்மையாக முடிந்திருப்பதும், வெயிலும் காற்றும் பட்டு நுனியில் சற்று நிறம் மங்கியிருப்பதும் தெரியும். மழித்த இரண்டாம் நாள் தோலுக்குமேல் தலைகாட்டும் ரோமத்திலோ அந்த மெலிந்த நுனி இல்லை. அறுபட்ட தட்டையான முகமும், அடிப்பாகத்தின் முழுப் பருமனும், மங்காத கறுப்பும் இருக்கின்றன. நீளம் குறைவாதலால் வளைந்து கொடுக்காமல் விறைத்து நிற்கிறது. கையால் தடவினால் சொரசொரக்கிறது. ஆகவே கெட்டியாகிவிட்டதாகத் தோன்றுவது இயல்பே. அன்றியும், பிள்ளைகள் மழிக்க ஆரம்பிக்கும் வயதும், இயற்கையாகவே தாடி அடரத் தொடங்கும் வயதும் ஒன்றாக அமைந்துவிடுவதால், காலம் செய்த காரியத்தின் புகழ் கத்திக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

எண்ணெய்களைப்பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. விளக்கெண்ணெய், கருஞ்சீரக எண்ணெய், கரிசலாங்கண்ணித் தைலம் இவையெல்லாம் இருக்கிற ரோமத்தைப் பளபளப்பாக்கும், வறண்ட தோலை மிருதுவாக்கும். உறங்குகிற மயிர்க்காலை எழுப்பும் என்பதற்குப் பிரமாணம் இல்லை. 'பயோட்டின்' மாத்திரைகளும் அப்படியே. அந்தச் சத்துக் குறைந்தவர்களுக்கு அது மருந்து. ஆனால் அப்படிப்பட்டவர்கள் மிக அபூர்வம். அதிக அளவில் அதை உட்கொண்டால் சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் திரித்துவிடக் கூடும் என்றும், மாரடைப்பைக் கண்டறிவதற்கான பரிசோதனையும் அவற்றுள் ஒன்று என்றும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2017-இல் எச்சரித்திருக்கிறது என்பதை மாத்திரை வாங்குகிறவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்ப்பது மட்டும் தனியே பேசத்தக்க விஷயம். தாடியில் காலணா அளவுக்கு வட்டமாக ரோமம் கொட்டி, வழவழவென்று தோல் தெரிகிற புழுவெட்டுக்கு இதை நம் பாட்டிமார் பரம்பரையாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். 2002-இல் பாக்தாத் நகரத்து வைத்தியர்கள் புழுவெட்டுக் கண்ட சிலர்க்கு வெங்காயச் சாற்றையும் வேறு சிலர்க்கு வெறும் குழாய்த் தண்ணீரையும் தடவிப் பார்த்து, சாறு தடவியவர்களில் பெரும்பாலோருக்கு ஆறு வாரங்களில் ரோமம் திரும்பியது என்று பிரசுரித்தார்கள். சிறிய ஆய்வுதான், மேலும் புழுவெட்டு பல சமயங்களில் தானாகவே குணமாகும் சுபாவமுள்ளது. எவ்வாறாயினும், புழுவெட்டு என்பது உடலின் பாதுகாப்புச் சக்தியே தவறிப்போய்த் தன் மயிர்க்கால்களைத் தாக்குவதால் வரும் வியாதி. பிறவியிலேயே சொற்பமாக அமைந்த தாடி வியாதியன்று. ஒன்றுக்குச் சொன்ன மருந்தை மற்றொன்றுக்குப் பூசிக்கொண்டு கன்னத்தைப் புண்ணாக்கிக்கொள்வதில் பயனில்லை.

மெய்யாகவே பலன் காட்டிய ஔஷதம் ஒன்று உண்டு. அதன் பெயர் மினாக்ஸிடில். இரத்தக் கொதிப்பைத் தணிக்கும் மாத்திரையாக 1979-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற அந்த மருந்தை உட்கொண்டவர்களுக்குக் கைகால்களிலும் முகத்திலும் வேண்டாத ரோமம் செழித்து வளர்வதைக் கண்டு, அந்தத் தொல்லையையே பயனாக்கிக்கொள்ள முயன்றதன் விளைவாக, 1988-இல் வழுக்கைத் தலைக்குத் தடவும் திராவகமாக அது மறுபிறவி எடுத்தது. தாய்லாந்து வைத்தியர்கள் 48 ஆடவர்களைத் தேர்ந்து, ஒரு பாதிக்கு மூன்று சதவிகித மினாக்ஸிடில் திராவகத்தையும் மறுபாதிக்கு மருந்தில்லாத திராவகத்தையும், எது எவருக்கு என்று கொடுப்பவரும் பெறுபவரும் அறியாதவாறு தாடிப் பிரதேசத்தில் 16 வாரங்கள் தடவச் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து தடவியவர்களின் தாடி எண்ணிக்கையிலும் தோற்றத்திலும் தெளிவாக மேம்பட்டது. ஆகவே 'கைகூடுமா' என்ற கேள்விக்கு 'ஓரளவு கைகூடும்' என்று பதிலுரைக்க ஆதாரம் இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வு 16 வாரங்களோடு நின்றது. மருந்தை விட்டபின் வளர்ந்தது நிலைக்குமா என்பதற்கு அதில் விடையில்லை. தலையைப் பொறுத்தவரை விட்ட சில மாதங்களில் பலன் போய்விடுகிறது என்பது அனுபவம். மேலும் இந்த மருந்தைத் தோலிலுள்ள ஒரு நொதி மாற்றிக்கொடுத்தால்தான் அது வேலை செய்யும்; அந்த நொதி ஆளுக்கு ஆள் கூடக்குறைய இருப்பதால், ஒருவனுக்குப் பலித்தது அவன் தோழனுக்குப் பலிக்காமல் போகிறது.

தாடிக்கென்று இது அங்கீகரிக்கப்பட்ட மருந்தன்று என்பதையும் மறத்தலாகாது. தோல் வறண்டு உரிதல், அரிப்பு, தலைசுற்றல், நெஞ்சுப் படபடப்பு இவை ஏற்படலாம். இருதய சம்பந்தமான நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் இதைத் தொடவே கூடாது. ஸ்பெயின் தேசத்தில் 2019-இல் குழந்தைகளுக்கான வயிற்று மருந்தில் தவறுதலாக மினாக்ஸிடில் கலந்துவிட்டதால் பதினைந்துக்கும் மேற்பட்ட சிசுக்களின் நெற்றியிலும் கன்னத்திலும் கைகளிலும் ரோமம் அடர்ந்து, பெற்றோர்கள் கலங்கிப்போனார்கள். கன்னத்தில் மருந்தைப் பூசிக்கொண்டு கைக்குழந்தையை முத்தமிடுகிற தகப்பன் இதை நினைவில் வைக்க வேண்டும். வீட்டில் பூனை வளர்ப்பவர்களும் அப்படியே. பூனை நக்கினால் அதன் உயிருக்கே இது அபாயம்.

சிறு ஊசிகள் பதித்த உருளையைத் தோலில் உருட்டும் முறைக்கு மும்பை வைத்தியர்கள் 2013-இல் 100 ஆடவர்களின் தலையில் செய்த சோதனை அடிப்படையாக இருக்கிறது. மினாக்ஸிடிலோடு சேர்த்துச் செய்தபோது தலைமுடி கூடுதலாக வளர்ந்தது. அந்தச் சோதனை தலையில் நடந்தது. பருவும் சீழும் உள்ள இளமுகத்தில் சுத்தமில்லாத உருளையை உருட்டினால் கிருமி பரவுவதுதான் மிச்சம். ஆண்மைச் சுரப்புக் களிம்பை வாங்கிப் பூசிக்கொள்வதோ இதைவிடப் பன்மடங்கு விபரீதம். வெளியிலிருந்து அந்தச் சுரப்பு வந்ததும் உடல் தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்கிறது, விந்தணுக்கள் அருகிப்போகின்றன, தாடிக்கு ஆசைப்பட்டவன் தகப்பனாகும் பாக்கியத்தை இழக்க நேரிடலாம்.

எஞ்சியிருப்பது சஸ்திர சிகிச்சை. ஜப்பானிய வைத்தியர் ஒகுடா 1939-இல் தீப்புண் பட்டவர்களுக்கு மயிர்க்கால்களைப் பெயர்த்து நட்ட செய்தியை எழுதினார். யுத்த காலமாதலால் அது உலகத்துக்கு எட்டவில்லை. 1950-களில் நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக் என்பவர், பின்தலையிலிருந்து எடுத்த மயிர்க்கால் எங்கே நட்டாலும் பின்தலையின் சுபாவத்தையே காட்டும் என்று நிறுவினார். தாடி நடும் சிகிச்சை முழுதும் இந்த ஓர் உண்மையின்மேல் நிற்கிறது. காதுக்குப் பின்னாலும் பிடரியிலுமிருந்து மயிர்க்கால்களை ஒவ்வொன்றாகத் துளைத்தெடுத்து, கன்னத்தில் ஊசிமுனையளவு துளையிட்டு, ரோமம் தோலோடு ஒட்டிப் படுத்து, காதோரத்திலிருந்து தாடையை நோக்கிக் கீழாகச் சாய்ந்திருக்கும்படி ஒவ்வொன்றின் கோணத்தையும் பார்த்து நட வேண்டும். ஒரு துளைக்கு அளவுக்கு மிஞ்சிய ரோமங்களை நட்டாலும், கோணம் சற்றே நிமிர்ந்தாலும், பொம்மையின் தலைமுடியைப் போலத் துருத்திக்கொண்டு நிற்கும். கன்னம் நிறைய இரண்டாயிரம் மயிர்க்கால்கள்வரை தேவைப்படலாம். நட்ட ரோமம் சில வாரங்களில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதங்களுக்குப் பின்னரே மீண்டும் தலையெடுக்கிறது. பின்தலையின் களஞ்சியம் அளவுள்ளது. 22 வயதில் அதைத் தாடிக்குச் செலவழித்தவனுக்கு நாற்பதில் வழுக்கை விழுந்தால் அதற்கு எடுக்கப் போதிய அளவு இல்லாமல் போகலாம். 2016-இல் சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரி மாணவரே தலைமுடி நடும் சிகிச்சைக்குச் சென்று உயிரிழந்தார். விசாரித்தபோது அந்த இடம் சலூனாகவே பதிவு செய்யப்பட்டிருந்தது தெரியவந்தது. மயக்க மருந்து கொடுக்கத் தகுதிபெற்ற வைத்தியரும், ஆபத்து நேர்ந்தால் காப்பாற்றும் சாதனங்களும் இல்லாத இடத்தில் இந்தச் சிகிச்சைக்கு உடன்படுவதைக் காட்டிலும் தாடியின்றி வாழ்வதே மேல் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இருபதை ஒட்டிய வயதினன் ஒருவன் என்னிடம் வந்து கேட்டால், இன்னும் ஐந்து வருஷம் பொறு என்றுதான் சொல்லுவேன். கடையில் விற்க முடியாத காரணத்தாலேயே ஒருவரும் விளம்பரம் செய்யாத மருந்து அந்தக் காலம் ஒன்றே. அதற்கிடையில் நல்ல சலூன்காரர் ஒருவர், கன்னத்தை ஒட்டக் கத்தரித்து மோவாயில் மட்டும் நிறுத்தி, உள்ளதை அழகாக அமைத்துக் கொடுப்பார்.

ஆனால் ஒரு சாராருக்கு இந்தப் பொறுமை பொருந்தாது. பதினெட்டைத் தாண்டியும் குரல் உடையாமல், அக்குளிலும் அடிவயிற்றிலும் ரோமம் முளைக்காமல், விதைகள் சிறுத்தோ மார்பு பெண்போலப் பருத்தோ இருக்குமானால், அங்கே தாடியின்மை ஒரு பெரிய சங்கதியின் சிறிய அடையாளம். ஹாரி கிளைன்ஃபெல்ட்டர் 1942-இல் விவரித்த, ஆணுக்குரிய குரோமோசோம்களோடு எக்ஸ் குரோமோசோம் ஒன்று அதிகமாக அமையும் பிறவிக் குறை இவ்வகையைச் சேர்ந்தது. பிறக்கும் ஆயிரம் ஆண் குழந்தைகளில் ஒன்றிரண்டு பேருக்கு இது இருந்தும், அவர்களில் அநேகர் மணமாகிக் குழந்தையில்லையென்று வைத்தியரிடம் போகும்வரை தமக்கு இப்படியொன்று இருப்பதையே அறியாமலிருக்கிறார்கள். அத்தகைய இளைஞனை வீட்டார் எண்ணெய்க் கடைக்கு அனுப்பாமல் சுரப்பியல் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். சுரப்பின் அளவு பகலில் ஏறி இறங்குமாதலால் காலை வேளையில் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். குறைவு மெய்யானால், வைத்தியர் அந்தச் சுரப்பைக் கொடுத்துச் செய்யும் சிகிச்சையில் எலும்பும் தசையும் வலுப்பெறும்போது தாடியும் கூடவே வரும்.